கோலாலம்பூருக்கு முதல் குடும்பப் பயணம்: பாட்டியின் முழங்காலில் இருந்து தொடங்குங்கள்

கோலாலம்பூருக்குக் குடும்பத்தோடு வரத் திட்டமிடுகிறவர்கள் முதலில் எழுதுவது பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல்தான். பத்துமலை, இரட்டைக் கோபுரம், கெந்திங் மலை, பறவைப் பூங்கா, புத்ராஜெயா, முடிந்தால் பினாங்கு, லங்காவி. எல்லாம் 4 நாளுக்குள். அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, இன்னொரு தாளில் வருகிறவர்களின் பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே மூன்று குறிப்பு: உட்காராமல் எவ்வளவு நேரம் நடப்பார், எந்த மணிக்குச் சாப்பிட்டாக வேண்டும், எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறை வேண்டும். பாட்டி 20 நிமிடம் நடந்ததும் உட்கார இடம் தேடுவார் என்றால், அந்தக் குடும்பத்தின் நடையே 20 நிமிடம்தான். கோலாலம்பூரில் ஒரு ரயில் தடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்கே சில இடங்களில் 10 நிமிடம் நடக்க வேண்டும். மீதி இருப்பது 10 நிமிடம். திட்டத்தை அதற்குள் போடுங்கள்.

இது சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ முதன்முறையாகக் கடல் கடந்து வரும் குடும்பங்களுக்காக எழுதுவது. வருமுன் எங்கள் ஊர்ப் பேச்சில் சில சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள். பாஸ்போர்ட் இங்கே கடப்பிதழ். ரிங்கிட்டுக்கு வெள்ளி என்று பெயர். காலை உணவு பசியாறல். கடைக்கார அக்கா "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டால் காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று பொருள்.

பெயரில் தொடங்கும் சிக்கல்

முதல் தடை விமான நிலையத்தில் இல்லை, கடப்பிதழ் விண்ணப்பத்தில் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆதாரில் "கு. மீனாட்சி", பள்ளிச் சான்றிதழில் "மீனாட்சி கு", வங்கியில் "மீனாட்சி குமாரசாமி" என்று ஒருவரே மூன்று பேராக இருப்பார். இந்தியக் கடப்பிதழில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். குடும்பப் பெயருக்கான கட்டத்தில் தந்தை பெயரையோ கணவர் பெயரையோ போட்டுவிட்டால் பின்னால் வரும் படிவங்கள் எல்லாம் எளிதாகும். காலியாக விட்டாலும் கடப்பிதழ் செல்லும். ஆனால் டிக்கெட் விற்கும் இணையதளங்கள் கடைசிப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போக விடாது. சில விமான நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் அடிக்கச் சொல்கின்றன, சில வேறு வழி சொல்கின்றன. பணம் கட்டுமுன் அந்த நிறுவனத்தின் விதியைப் படித்துவிடுங்கள்.

பெயரைச் சரிபார்க்க நல்ல இடம் ஒன்று உண்டு. கடப்பிதழில் புகைப்படம் உள்ள பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கும். முதல் வரியில் நாட்டுக் குறியீட்டுக்குப் பிறகு குடும்பப் பெயர், அடுத்து இரண்டு அம்புக்குறி, அதன்பின் சொந்தப் பெயர். இயந்திரம் படிப்பது அந்த வரியைத்தான். டிக்கெட்டையும் வருகை அட்டையையும் அதைப் பார்த்து எழுத்தெழுத்தாக நிரப்புங்கள். ஒரு எழுத்து தவறினாலும் அன்றைக்கே திருத்தக் கேளுங்கள். பயண நாள் நெருங்க நெருங்கத் திருத்தும் செலவு ஏறும்.

பிள்ளைகளின் கடப்பிதழைத் தனியாக எடுத்துப் பாருங்கள். பெரியவர்களுடையது 10 ஆண்டுக்குச் செல்லும், சிறுவர்களுடையது பொதுவாக 5 ஆண்டுதான். அப்பா அம்மாவுடையது செல்லும் என்ற நினைப்பில் பிள்ளையுடையது காலாவதியானதைக் கவனிக்காமல் டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். மலேசியாவில் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் எல்லோருடைய கடப்பிதழும் செல்ல வேண்டும்.

பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் கடப்பிதழில் 'ஈசிஆர்' (குடியேற்றச் சரிபார்ப்பு தேவை) என்ற குறிப்பு இருக்கலாம். அந்தக் குறிப்பு உள்ளவர்கள் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டிய நாடுகளின் பட்டியலில் மலேசியாவும் உண்டு. அந்த அனுமதி வேலைக்குப் போகிறவர்களுக்கு உரியது, சுற்றுலாவுக்கு வருகிறவர்களுக்குத் தேவையில்லை. ஆனாலும் இந்தியப் பக்கத்திலேயே கேள்வி வரும். அப்படிப்பட்ட உறவினரைத் தனியாக வேறு வரிசையில் நிற்கவிடாமல் குடும்பத்தோடு நிறுத்தி, திரும்பும் டிக்கெட்டையும் ஹோட்டல் பதிவையும் அச்சிட்டு அவர் கையிலேயே கொடுங்கள்.

இந்தியக் குடிமக்கள் சுற்றுலாவாக 30 நாள்வரை தங்க விசா தேவையில்லை. 2023 டிசம்பர் 1 முதல் உள்ள இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பிந்திய பயணம் என்றால் டிக்கெட்டுக்கு முன் விதியைப் பாருங்கள். விசா இல்லையென்றாலும் 'எம்டிஏசி' எனப்படும் மின்னியல் வருகை அட்டை கட்டாயம். இறங்கும் நாளுக்கு முந்தைய 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும், கைக்குழந்தைக்கும் தனி அட்டை. மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் இதற்குக் கட்டணம் கிடையாது. தேடும்போது மேலே வரும் பல தளங்கள் பார்வைக்கு அரசுத் தளம் போலவே இருக்கும், கட்டணம் கேட்கும். முகவரி 'ஜிஓவி புள்ளி எம்ஒய்' என்ற அரசு ஈற்றோடு இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

குடிநுழைவு முகப்பில் இரண்டு சுட்டுவிரல் ரேகை எடுப்பார்கள். எத்தனை நாள், எங்கே தங்கல், எப்போது திரும்பல் என்று கேட்பார்கள். அப்பா 5 நாள் என்றும் அம்மா ஒரு வாரம் என்றும் சொன்னால் சந்தேகம் வரும். ஹோட்டல் பெயரையும் நாட்களையும் எல்லோரும் ஒரே மாதிரி சொல்லும்படி முதல்நாளே பேசிக்கொள்ளுங்கள். உறவினர் வீட்டில் தங்குவதாக இருந்தால் அவருடைய முழு முகவரியும் தொலைபேசி எண்ணும் தாளில் வேண்டும். "மாமா வந்து கூட்டிப் போவார்" என்ற பதில் அங்கே செல்லாது.

முதல் 12 மணி நேரம்

தமிழ்நாட்டிலிருந்து கோலாலம்பூருக்கு ஏறக்குறைய 4 மணி நேரப் பறத்தல். மலேசிய நேரம் இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி முன்னால். இரவு விமானங்கள் பல இருப்பதால் விடியற்காலையில் தூக்கம் கெட்டு இறங்கும்படி ஆகிவிடும். முதல் பயணத்தில் மனக்கசப்பு கிளம்புவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான்.

தேதியைப் பாருங்கள். டிக்கெட்டில் 15ஆம் தேதி 00:20 என்று இருந்தால் 14ஆம் தேதி மாலையே வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். 15ஆம் தேதி இரவு பெட்டியோடு விமான நிலையம் போய் நின்றவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள். அதே குழப்பம் ஹோட்டலிலும் உண்டு. காலை 6 மணிக்கு இறங்கினால், அறை கிடைப்பது பிற்பகல் 2 அல்லது 3 மணிக்கு. பாட்டியும் குழந்தையும் 8 மணி நேரம் வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியாது. எங்கள் அழுத்தமான யோசனை: முந்தைய இரவுக்கும் சேர்த்து அறை எடுங்கள். காலை 7 மணிக்கு வருவோம் என்று ஹோட்டலுக்கு எழுதி, பதிலும் வாங்கிக்கொள்ளுங்கள். சொல்லாமல் விட்டால், இரவு முழுக்க வராதவர் என்று அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடக்கூடும். ஓர் இரவு வாடகை வீண் என்று தோன்றும். அந்தக் காலைத் தூக்கம் இல்லாவிட்டால் அடுத்த நாள் முழுக்க வீணாகும்.

செப்பாங்கில் உள்ள விமான நிலையத்துக்கு இரண்டு முனையம். ஏர்ஏசியா வந்து நிற்பது முனையம் 2, மலேசியா ஏர்லைன்ஸ், பாத்திக் ஏர், இண்டிகோ முனையம் 1. முனையம் 2இல் விமான வாசலிலிருந்து குடிநுழைவு வரை நடை நீளம். முழங்கால் வலி உள்ளவருக்குச் சக்கர நாற்காலியை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டு வையுங்கள், இறங்கியபின் தேடினால் காத்திருக்க வேண்டும்.

நகரம் அங்கிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல். கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் ரயில் முனையம் 1இலிருந்து நகரின் முதன்மை ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலுக்கு 28 நிமிடம், முனையம் 2இலிருந்து 33 நிமிடம். பெரியவருக்கு 55 வெள்ளி, 6 முதல் 15 வயதுவரை 25 வெள்ளி. தனி ஆளுக்கும் இணையருக்கும் அருமையான வண்டி. 4 பெரியவர், 2 பிள்ளைகள் என்றால் 270 வெள்ளி ஆகிவிடும், அதன்பின் சென்ட்ரலிலிருந்து ஹோட்டலுக்கு இன்னொரு வண்டி. அந்தக் குடும்பம் கிராப் என்ற செயலியில் 6 பேர் உட்காரும் வாடகைக் காரைப் பிடிப்பதே சரி, செலவு குறைவாக முடியும். செயலியில் காட்டும் தொகையோடு சாலைக் கட்டணம் தனியாகச் சேரும். பெரிய பெட்டி மூன்றுக்கு மேல் இருந்தால் 6 பேர் வண்டியில் 6 பேரும் பெட்டியும் அடங்காது. அப்போது சாதாரண வண்டிகள் இரண்டு எடுத்து, ஒவ்வொன்றிலும் கைப்பேசி உள்ள ஒருவர் ஏறட்டும். வெளியே வந்ததும் "டாக்சி, டாக்சி" என்று கூடவே வருகிறவர்களை விலக்கி நடந்துவிடுங்கள்.

கிராப் செயலியை ஊரிலேயே பதிவிறக்கி, எண்ணைப் பதிவு செய்து, வங்கி அட்டையையும் இணைத்துவிடுங்கள். சரிபார்ப்பு எண் உங்கள் இந்திய எண்ணுக்குத்தான் வரும். அந்த சிம்மைக் கழற்றிப் பர்சில் வைத்துவிட்டு மலேசிய சிம்மைப் போட்டுக்கொண்டால் வங்கி அனுப்பும் ஓடிபி எதுவும் வராது. குடும்பத்தில் ஒரு கைப்பேசியிலாவது இரண்டு சிம்மும் ஓட வேண்டும், இந்திய எண்ணில் ரோமிங் திறந்திருக்க வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய அட்டைகளில் வெளிநாட்டுப் பரிமாற்றம் மூடியே வரும். வங்கிச் செயலியில் போய் நீங்கள்தான் திறக்க வேண்டும்.

எங்கே தங்குவது

புக்கிட் பிந்தாங்கில் கடையும் வெளிச்சமும் அதிகம், இரவுச் சத்தமும் அதிகம். இரட்டைக் கோபுரம் உள்ள கேஎல்சிசி பக்கம் அழகு, விலையும் அதற்கேற்ப. பெரியவர்களும் குழந்தைகளும் உள்ள தமிழ்க் குடும்பத்துக்கு நாங்கள் சொல்வது பிரிக்பீல்ட்ஸ். கேஎல் சென்ட்ரல் நடக்கும் தூரம். துன் சம்பந்தன் சாலையில் இட்லி, தோசை, வாழை இலைச் சாப்பாடு, பூக்கடை, மருந்துக்கடை எல்லாம் உண்டு. தாத்தாவைத் தனியாக டீ குடிக்க அனுப்பினாலும் தமிழ் பேசித் திரும்பி வந்துவிடுவார். முதல் பயணத்தில் பெரியவர்களுக்கு அந்தச் சுதந்திரம் பெரிய விஷயம்.

பதிவு செய்யுமுன் இரண்டைக் கேளுங்கள். இங்கே மலிவு அறைகள் பலவற்றில் சன்னலே இருக்காது, குறிப்பில் எழுதியிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை. அடுத்தது எத்தனை பேர் தங்கலாம் என்பது. இரண்டு பேர் அறையில் பாயைப் போட்டு ஐந்து பேர் படுக்கிற வழக்கம் இங்கே செல்லாது. வெளிநாட்டவருக்குச் சுற்றுலா வரி ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி. இணையத்தில் முழுப் பணம் கட்டியிருந்தாலும் இதை ஹோட்டலில்தான் கேட்பார்கள். திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகையும் கேட்பார்கள். இரண்டு அறை, 4 இரவு என்றால் 80 வெள்ளி வரியைத் தனியாக எடுத்து வையுங்கள்.

மின்செருகி வேறு வடிவம்: தட்டையான மூன்று முனை. இந்தியாவின் வட்ட முனை நுழையாது. மாற்றுச் செருகி ஒன்றும், அதில் செருக உங்கள் ஊர் நீட்டிப்புப் பலகை ஒன்றும் கொண்டுவந்தால் குடும்பத்தின் எல்லாக் கைப்பேசிக்கும் போதும்.

நாளுக்கு ஒரு பெரிய இடம்

மே மாதமானாலும் டிசம்பரானாலும் இங்கே வெயிலும் புழுக்கமும் ஒன்றுதான். பிற்பகலில் இடி மழை சட்டென்று இறங்கும், ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு நிற்கும். அதனால் திறந்தவெளி இடங்களைக் காலையில் முடித்து, மதியம் அறைக்குத் திரும்பி, மாலை 5 மணிக்கு மேல் மறுபடி கிளம்புங்கள். ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், ஒரு சின்ன இடம். அதற்கு மேல் எழுதாதீர்கள்.

பத்துமலைக்கு கேஎல் சென்ட்ரலிலிருந்து கேடிஎம் கொம்யூட்டர் ரயில் நேராகப் போகிறது, கோயில் வாசலருகிலேயே நிலையம். கட்டணம் சில வெள்ளிதான். ஆனால் இது எல்ஆர்டி என்ற நகர ரயில் போல நிமிடத்துக்கு நிமிடம் வராது, ஒன்றை விட்டால் அரை மணியோ அதற்கு மேலோ நிற்க வேண்டும். நேர அட்டவணையைப் பார்த்துக் கிளம்புங்கள். அதே தடத்தில் எதிர்ப்பக்கம் தெற்கே போகும் ரயிலும் உண்டு. ஏறுமுன் பலகையில் 'பத்து கேவ்ஸ்' என்று இருக்க வேண்டும். நடுவில் இளஞ்சிவப்பு அடையாளமிட்ட பெட்டி பெண்களுக்கு மட்டும், அப்பாவும் மகன்களும் அதில் ஏறக் கூடாது.

படிகள் 272. செங்குத்து, அகலம் குறைவு. 7 மணி, 8 மணிக்கு அங்கே இருந்தால் நிழலில் ஏறலாம், 11 மணிக்கு மேல் வெயில் முதுகில் விழும். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முழங்கால் நடுங்கும், மழை பெய்த படி வழுக்கும், கைப்பிடிப் பக்கமாகவே இறங்குங்கள். முழங்காலுக்கு மேல் தெரியும் உடையோடு பெண்களை மேலே விடமாட்டார்கள். குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பை என்றாலே உணவுதான், அர்ச்சனைப் பையைத் துணிப்பைக்குள் மறைத்துக் கொண்டுபோங்கள். ஏற முடியாத பாட்டிக்கு வருத்தம் வேண்டாம்: 42.7 மீட்டர் உயர முருகன் நிற்பது அடிவாரத்தில்தான், அங்கேயே சன்னதிகளும் உண்டு. ரயில் நிலையத்தருகே அனுமன் சிலையை ஒட்டிய ராமாயணக் குகையைப் பார்த்துவிட்டு, அவரோடு ஒரு பெரியவர் கீழே இருக்கட்டும். யார் இருப்பது என்பதை முதல்நாள் இரவே பேசி முடியுங்கள். படி முன்னால் நின்று பேசினால் சண்டையில் முடியும். தைப்பூசத்தை ஒட்டிய நாட்கள் வேறு கணக்கு. அது கூட்டத்தைக் காணவே வருகிற பயணம், சிறு குழந்தையோடு வரும் முதல் பயணத்துக்கு ஏற்றதல்ல.

இரட்டைக் கோபுரத்துக்குள் போய்ப் பார்க்கும் இடம் திங்கட்கிழமை மூடியிருக்கும். 41, 42ஆம் தளங்களில் வான்பாலம், 86ஆம் தளத்தில் பார்வைத் தளம். டிக்கெட்டில் நேரம் குறித்திருப்பதால் இணையத்தில் முன்பே எடுக்க வேண்டும். இங்கே பல இடங்களில் உள்நாட்டவருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு ஒரு விலை, நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டாவது. 6 பேருக்குக் கணக்குப் போட்டுப் பார்த்துத் தொகை மலைப்பாக இருந்தால் மேலே போகாமலே விடலாம், குறை இல்லை. இரவில் ஒளிரும் கோபுரத்தைக் கீழே பூங்காவில் புல்தரையில் உட்கார்ந்து பார்ப்பதற்குக் காசு இல்லை. பூங்காவில் பிள்ளைகள் நனைந்து விளையாடும் குளமும் உண்டு, மாற்றுடுப்பு எடுத்துப் போங்கள். கேஎல் சென்ட்ரலிலிருந்து எல்ஆர்டியில் ஐந்தாவது நிறுத்தம் கேஎல்சிசி. முதல் நிறுத்தமான பசார் செனியில் இறங்கினால், 1873இல் நிறுவப்பட்ட மகா மாரியம்மன் கோயிலுக்குச் சில நிமிட நடை.

கெந்திங் மலைக்கு வாரநாளில் போங்கள். சனி ஞாயிறில் கம்பிவட வண்டிக்கு வரிசை நீளும், கேஎல் சென்ட்ரலிலிருந்து போகும் பேருந்திலும் இடம் தீரும். போகும்போதே திரும்பும் டிக்கெட்டையும் எடுங்கள். மேலே குளிரும், ஆளுக்கொரு மேலுடுப்பு. வளைவுப் பாதை, பிள்ளைகளுக்கு வயிறு நிறையக் கொடுத்து ஏற்றாதீர்கள்.

பினாங்கையும் லங்காவியையும் 4 நாள் திட்டத்தில் சேர்க்க வேண்டாம். ரயிலில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த் போகவே 4 மணி நேரம் தாண்டும்.

நகர ரயில்களுக்கு 'டச் அண்ட் கோ' அட்டை வாங்குங்கள். ஓர் அட்டையை இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தட்ட முடியாது, ஆளுக்கொன்று வேண்டும். இரண்டு நாள்தான் ரயில் என்றால் இயந்திரத்தில் ஒரு பயணத்துக்கான டிக்கெட்டான நீல வில்லை வாங்கிக்கொள்வதே போதும். பேரங்காடிக் கழிப்பறைகள் சிலவற்றில் சில்லறை கேட்பார்கள், 20 காசு, 50 காசு நாணயங்களைப் பாட்டியின் சுருக்குப் பையில் போட்டு வையுங்கள்.

சாப்பாட்டில் கவனம்

சைவக் குடும்பம் ஏமாறுவது காய்கறியில்தான். மலாய்க் கடைகளிலும் சீனக் கடைகளிலும் கீரை வதக்கலில் பெலாச்சான் என்ற இறால் விழுது சேரும், தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கின் சம்பாலில் (மிளகாய் விழுது) நெத்திலி இருக்கும். "இறைச்சி இல்லை" என்றால் மீனும் இறாலும் பரவாயில்லை என்று புரிந்துகொள்வார்கள். "தாக் மாவ் டாகிங், ஆயாம், இக்கான், ஊடாங்" என்று நான்கையும் சொல்லுங்கள்: மாடு, கோழி, மீன், இறால் வேண்டாம். தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் ரொட்டி சானாய்க்கு (பரோட்டா போன்றது) ஊற்றும் குழம்பு பருப்பா மீனா என்று தமிழிலேயே கேட்கலாம். மாவில் முட்டை உண்டா என்றும் கேளுங்கள்.

ஆற்றித் தரும் பால் தேநீரான தே தாரிக்கில் கெட்டிப்பால் சேர்வதால் இனிப்பு தூக்கல். சர்க்கரை நோயுள்ளவர்களுக்கு "தே ஓ கோசோங்" என்றால் பாலும் சீனியும் இல்லாத தேநீர் வரும். பொட்டலமாக வேண்டுமானால் "புங்குஸ்", நாங்கள் "தாப்பாவ்" என்போம். முதல் இரவுக்கு ஊரிலிருந்து புளியோதரை கொண்டுவருவது நல்ல வழக்கம். பச்சைக் கறிவேப்பிலை, செடி, விதை, பழம், இறைச்சி ஆகியவற்றைப் பெட்டியில் போடாதீர்கள், அனுமதியில்லாமல் கொண்டுவரக் கூடாது. மருந்துகளை அட்டையிலிருந்து பிரிக்காமல், மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். "கோலாலம்பூரில் என் தம்பியிடம் கொடுத்துவிடுங்கள்" என்று யார் பொட்டலம் தந்தாலும் வாங்கவே வாங்காதீர்கள். போதைப்பொருள் சட்டம் இங்கே மிகக் கடுமையானது, பெட்டி யாருடையதோ அவரே பதில் சொல்ல வேண்டும்.

தெருவில் நடக்கும்போது கைப்பையைச் சாலையை ஒட்டிய தோளில் மாட்டாதீர்கள், மோட்டார் சைக்கிளில் வந்து பறிப்பது உண்டு. கடப்பிதழ் தொலைந்தால் முதலில் காவல் நிலையப் புகார், அதைக் கொண்டு மொன் கியாராவில் உள்ள இந்தியத் தூதரகம், பிறகு நாட்டைவிட்டு வெளியேறக் குடிநுழைவுத் துறை அனுமதி. வரிசை இதுதான். ஒவ்வொருவரின் கடப்பிதழ் நகலும் நுழைவு முத்திரைப் பக்கத்தின் படமும் இன்னொருவர் கைப்பேசியில் இருந்தால் ஒரு நாள் மிச்சமாகும். அவசர எண் 999.

கடைசி நாள் விமானம் பெரும்பாலும் இரவில், அறையைக் காலி செய்வது நண்பகல் 12 மணிக்கு. பெட்டிகளை ஹோட்டலிலேயே வைத்துவிட்டு வெளியே போகலாம், கேட்டால் சம்மதிப்பார்கள். பணமாகக் கொடுத்த வைப்புத்தொகையைச் சாவி கொடுக்கும்போதே கையில் வாங்குங்கள். அட்டையில் பிடித்தது என்றால் திரும்பி வரச் சில நாட்கள் ஆகும், ரசீதை வைத்திருங்கள். கிராப் ஓட்டுநரிடம் விமான நிலையம் என்று மட்டும் சொல்லாமல் முனையத்தின் எண்ணையும் சொல்லுங்கள். மாறி இறங்கிவிட்டால் பதற வேண்டாம், இரண்டு முனையத்துக்கும் இடையே ரயில் 3 நிமிடம், 2 வெள்ளி.